போர் விமான அச்சு வார்ப்புப் பொம்மை சேகரிப்பு

போர் விமான அச்சு வார்ப்புப் பொம்மை சேகரிப்பு என்பது, உருக்கிய கலப்புலோகத்தை எஃகு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தி வார்க்கப்பட்ட சிறிய ஜெட் போர் விமான உருக்களைத் தேடிச் சேர்த்துப் பாதுகாக்கும் பொழுதுபோக்கு ஆகும். 1940களின் பிற்பகுதி முதல் 1970கள் வரை வெளிவந்த உருக்களே இதில் பழமையானவையாகக் கருதப்படுகின்றன.

== தயாரிப்பு முறை ==
இப்பொம்மைகள் பெரும்பாலும் சாமாக் எனும் துத்தநாகக் கலப்புலோகத்தால் ஆனவை. இதில் ஏறத்தாழ 4% அலுமினியமும் மிகச் சிறிதளவு மக்னீசியமும் கலந்திருக்கும். இது 385 பாகை செல்சியசு அளவிலேயே உருகுவதால் அச்சு நெடுநாள் உழைக்கும். மெல்லிய இறக்கையும் கூர்மையான மூக்கும் தெளிவாகப் பதியும். அச்சின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் கசியும் பிசிறு நீக்கப்பட்ட பின், வண்ணம் தெளித்து விமானப்படைச் சின்னம் ஒட்டப்படும்.

ஓசூர், கிருட்டிணகிரி வட்டாரத்தினருக்கு இம்முறை புதிதன்று. 1980 ஆம் ஆண்டில் டிவிஎஸ் நிறுவனம் ஓசூரில் மொபெட் தயாரிப்பைத் தொடங்கியது. அசோக் லேலண்ட் ஆலையும் அங்கு அமைந்தது. இத்தகைய ஆலைகளைச் சார்ந்து வளர்ந்த வாகன உதிரித் தொழிலில், டை காஸ்டிங் என்றே அழைக்கப்படும் அச்சு வார்ப்பு முக்கிய இடம் பெற்றது. வாகன உதிரிகளுக்குப் பெரிதும் அலுமினியம் பயன்படுகிறது. அலுமினியம் ஏறக்குறைய 660 பாகையில் உருகும். உருகிய நிலையில் எஃகையும் அரிக்கும். ஆகவே அதனை வேறு கலத்தில் உருக்கி, ஒவ்வொரு முறையும் முகந்து எந்திரத்தில் ஊற்றுவர். துத்தநாகத்தையோ எந்திரத்துடன் இணைந்த கலத்திலிருந்தே நேராகச் செலுத்தலாம். பொம்மைகளை விரைவாகவும் மலிவாகவும் செய்ய முடிந்ததற்கு இதுவே காரணம்.

== வரலாறு ==
இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் இயங்கிய மெக்கானோ நிறுவனம் 1934 ஆம் ஆண்டு முதல் டிங்கி டாய்ஸ் எனும் பெயரில் பொம்மைகளை வெளியிட்டது. போருக்குப் பின் அது வெளியிட்ட முதல் ஜெட் உருக்களுள் ஒன்று குளொசுட்டர் மீட்டியர் ஆகும். 1950களில் ஹாக்கர் ஹண்டர், சுவிஃப்ட், ஜாவலின் ஆகியவை வெளிவந்தன. அலுமினியத்தால் வார்க்கப்பட்ட அவ்ரோ வல்கன் மிகக் குறைந்த எண்ணிக்கையிலேயே செய்யப்பட்டதால் இன்று அரிதாகக் கிடைக்கிறது. 1973 இல் மேட்ச்பாக்ஸ் நிறுவனம் சுகைபஸ்டர்ஸ் எனும் வானூர்தி வரிசையைத் தொடங்கியது. மெக்கானோவின் லிவர்பூல் ஆலை 1979 இல் மூடப்பட்டது.

டிங்கியின் பழைய அச்சுகள் சில 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வந்தன. அங்கு அவற்றிலிருந்து நிக்கி டாய்ஸ் எனும் பெயரில் பொம்மைகள் வார்க்கப்பட்டன. அச்சு ஒன்றாயினும், அடிப்பகுதியில் உள்ள பெயர் இந்தியத் தயாரிப்பை வேறுபடுத்திக் காட்டும்.

== உண்மை விமானங்களுடன் தொடர்பு ==
இவ்வுருக்களில் சில இந்திய வானில் பறந்த விமானங்களையே குறிக்கின்றன. ஹண்டர் 1957 இலும் ஜாகுவார் 1979 இலும் இந்திய விமானப்படையில் சேரத் தொடங்கின. டிங்கியின் பிரெஞ்சுக் கிளை வார்த்த மிஸ்டேர் விமானமும் 1957 முதல் இந்தியாவில் பயன்பட்டது.

ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ள பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் நாட், ஜாகுவார் ஆகியவற்றை உரிமம் பெற்றுக் கட்டியது. 1961 இல் முதன்முதலாகப் பறந்த மாருத் போர் விமானமும் அங்கேயே உருவானது. பெங்களூரில் 2001 இல் திறக்கப்பட்ட அந்நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் மாருத் உள்ளிட்ட விமானங்களைக் காணலாம். ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியிலும் இலகு விமானங்கள் கட்டப்பட்டுள்ளன.

== அடையாளம் காணுதல் ==
இறக்கையின் அடியில் வார்க்கப்பட்ட பெயர், நாடு, எண் ஆகியவை முதல் சான்றுகள். எனினும் எண்ணை மட்டும் நம்புதல் கூடாது. 1954 இல் டிங்கி தன் எண் முறையை மாற்றியதால், 70இ என்றிருந்த மீட்டியர் 732 ஆயிற்று. வல்கனின் வார்ப்பில் 749 என்றும் பெட்டியில் 992 என்றும் இருக்கும்.

மறுவண்ணம் பூசுவது சேகரிப்பாளருக்குப் பேரிழப்பாகும். பழைய வண்ணமும் சின்னமும் தயாரிப்புக் காலத்தின் சான்றுகள். அவற்றைச் சுரண்டிவிட்டால் மீட்க இயலாது. தரையணி சுரண்டப்படாமல், சின்னம் சற்று மங்கிய உரு, புதிதாகப் பளபளக்கும் உருவைவிட மதிப்புடையது.

== துத்தநாக நோய் ==
உலோகத்தில் ஈயம் மாசாகக் கலந்திருந்தால், காலப்போக்கில் உலோக மணிகளின் இடைவெளிகளில் அரிப்பு ஏற்படும். பொம்மை உப்பி, வெடித்து, இறுதியில் தூளாகும். இதுவே துத்தநாக நோய் எனப்படுகிறது. தூய்மை குறைந்த உலோகம் பயன்பட்ட போருக்கு முந்தைய பொம்மைகளில் இது மிகுதியாகக் காணப்படுகிறது. இதற்கு மாற்று மருந்தில்லை. ஈரப்பதமும் வெப்பமும் இதனை விரைவுபடுத்தும். ஒரு பொம்மையிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும் எனும் நம்பிக்கை தவறானது. குறை வார்ப்பின்போதே உள்ளே புகுந்துவிடுகிறது.

ஆகவே வெயில் படாத, ஈரமற்ற, வெப்பம் ஒரே சீராக உள்ள இடத்தில் வைத்தல் வேண்டும். பீடபூமியில் அமைந்த ஓசூரில் சென்னையைப் போல உப்புக் காற்று இல்லை எனினும், மழைக்கால ஈரத்திற்குச் சிலிக்கா கூழ் பைகள் உதவும். புதிய மரப்பெட்டிகளின் அமில ஆவியும் துத்தநாகத்தை அரிக்கும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும்; எனவே இவற்றைச் சிறு குழந்தைகள் விளையாடக் கொடுத்தல் ஆகாது.