தராசும் தொட்டியும்: மறுசுழற்சிச் சேகரிப்பின் கதை

கண்ணாடிப் புட்டியை எந்தத் தொட்டியில் இட வேண்டும் என்று ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்டால், "பழுப்பு" என்று ஒரே குரலில் விடை வரும். தாளுக்கு நீலம், நெகிழிக்கும் அலுமினியத்திற்கும் செம்மஞ்சள். தேர்வில் எவரும் பிழை செய்வதில்லை. ஆனால், ஓய்வு வேளைக்குப் பின் பார்த்தால், மூன்று தொட்டிகளிலும் நாசி லெமாக் பொட்டலங்கள்தாம் கிடக்கின்றன. இந்த முரண்பாட்டின் வேர், பொருள்களை நாம் சேகரித்து வந்த முறைகளின் வரலாற்றில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

என் சிறு வயதில் எங்கள் தாமானுக்குள் "சுராட் காபார் லாமா" என்ற ஒலிபெருக்கிக் குரலுடன் சிறிய லாரி ஒன்று வரும். அம்மா நாளிதழ்களை அடுக்கிக் கயிற்றால் கட்டி வைத்திருப்பார். வந்தவர் தூக்குத் தராசில் நிறுத்துச் சில்லறை கொடுப்பார். நனைந்த தாளை வாங்க மாட்டார். பிரித்து, உலர்த்தி வைக்கும் பழக்கத்தை எந்தச் சட்டமும் இன்றி அந்தத் தராசே எங்களுக்குக் கற்பித்தது. எனினும், விலை போகாத பொருளை அந்த லாரி ஏற்றவில்லை.

வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு 1993இல் மறுசுழற்சி இயக்கத்தைத் தொடங்கியது. அது நிலைக்காததால், 2000ஆம் ஆண்டு டிசம்பரில் மீண்டும் தொடங்கப்பட்டது. மூவண்ணத் தொட்டிகள் பொது இடங்களில் பரவலாயின. எந்நேரமும் பொருளை இடலாம் என்பது அவற்றின் நன்மை. ஆனால், தவறாக இட்டதை மறுக்க அங்கே ஆளில்லை. சிங்கப்பூரின் அனுபவமும் இதுவே. அங்கு 2001இல் தேசிய மறுசுழற்சித் திட்டம் தொடங்கி, பின்னர் அடுக்குமாடிகளின் கீழே நீலத் தொட்டிகள் வைக்கப்பட்டன. அவற்றில் சேர்வதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு ஏற்றதன்று என அந்நாட்டுச் சுற்றுப்புற வாரியமே கூறியுள்ளது.

மூன்றாவது வழி சட்டம். 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களிலும், கோலாலம்பூர், புத்ராஜெயாவிலும் 1.9.2015 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயமாயிற்று. வாரத்தில் இரு நாள் குப்பைக்கு, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளுக்கு எனச் சேகரிப்பு வகுக்கப்பட்டது. வாசலுக்கே வண்டி வருவதால் முதியோருக்கும் எளிது; விலையற்ற பொருளும் சேரும். தனி வீடுகளில் தவறு செய்தவரை அறியலாம். அனைவரும் ஒரே இடத்தில் குவிக்கும் அடுக்குமாடியில் அது கடினம்.

மூன்றையும் ஒப்பிட்டால், பொருளை வாங்கும் ஒருவர் நம்மை நேரில் பார்க்கும் முறையே பழக்கத்தை வளர்க்கிறது என்பது தெளிவாகிறது. தொட்டி வசதியைத் தருகிறது; சட்டம் பரப்பைத் தருகிறது; பொறுப்பை மனிதரே தருகிறார்.

ஆகவே, ஆசிரியர்களே, தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு தராசையும் இரண்டு மாணவர்களையும் நிறுத்திப் பாருங்கள். கொண்டு வருவதை அவர்களே சோதித்து, நிறுத்து, ஏட்டில் எழுதட்டும். பெற்றோர்களே, நாளிதழைக் கட்டும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். வண்ணத்தை மறந்தாலும், அந்தப் பழக்கத்தை அவர்கள் மறக்க மாட்டார்கள்.