இறங்காமற் செல்லும் உரிமை

கோலாலம்பூருக்குத் தெற்கே சாலாக் செலாத்தானில், பொழுது புலர்வதற்கு முன் சாலையோரத்தில் நின்று பார்ப்போர்க்கு ஒரு காட்சி புலனாகும். வேலைக்குச் செல்லும் மக்கள் இருசக்கர வண்டிகளில் வெள்ளம்போற் செல்வர். கப்சாய் எனப்படும் சிறு வண்டிகளே அவற்றுட் பெரும்பாலன. அவற்றினிடையே அண்மைக் காலமாக வேறொரு வண்டியும் தலைநிமிர்ந்து வருகின்றது. முன்னே உயர்ந்த காற்றுத் தடுப்பு, அகன்ற கைப்பிடி, தடித்த சக்கரங்கள், பின்னே ஒரு பெட்டி. கியர் மாற்றும் வேலை அதில் இல்லை; ஆதலின் அது ஸ்கூட்டரே. ஆனால் தோற்றத்தில் காட்டுவழி செல்லும் மோட்டார் சைக்கிளை ஒத்திருக்கின்றது. இதனை ‘அட்வெஞ்சர் ஸ்கூட்டர்’ என்று வழங்குகின்றனர்.

“இத்துணை விலை கொடுத்து இஃது எதற்கு? கப்சாய் போதாதா?” என்று முதியோர் வினவுகின்றனர். “உழைத்த பணத்தில் வாங்கினேன்; ஏறிச் செல்கின்றேன்; இதிற் குற்றமென்ன?” என்று இளைஞர் விடையிறுக்கின்றனர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் இருவரும் எண்ணிப் பார்க்கவேண்டிய வரலாறு ஒன்று இவ்வழக்கிற்குள் மறைந்து கிடக்கின்றது. தன் சொந்த வண்டியின்மேல் உட்கார்ந்தவாறே சாலையிற் செல்லும் உரிமைக்காகத் தமிழன் இந்நாட்டிற் போராட வேண்டியிருந்தது. அப்போராட்டம் நடந்த இடம் தூர தேசமன்று. இவ்விளைஞர் நாள்தோறும் சென்று வரும் கிள்ளான் வட்டாரமேயாகும்.

இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு உலகம் மிகச் சிறியது. லயம், பால்மரக் காடு, கோயில், கடை, கள்ளுக்கடை என்னும் எல்லைக்குள்ளேயே பலருடைய வாழ்நாள் கழிந்தது. இரயில் இருந்தது உண்மையே. 1886-ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவிற்கும் இடையே அது ஓடத் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழர் பலர் அந்த இரயில்வேக்கு உழைத்தனர். ஆனால் இரயில், தண்டவாளம் செல்லும் இடத்திற்கே மனிதனைக் கொண்டு செல்லும். சைக்கிளோ மனிதன் நினைத்த இடத்திற்குச் செல்லும். சைக்கிள் வாங்கிய தொழிலாளி அடுத்த தோட்டத்திற்குச் சென்று உறவினரைக் கண்டான். பட்டணத்திற்குச் சென்று கூட்டத்திற் பேச்சுக் கேட்டான். கேட்டதை லயத்திற்கு வந்து நாலுபேருக்குச் சொன்னான். கூலி உயர்வதற்கு முன் அறிவு உயர்ந்ததற்கு அவ்விரு சக்கரங்களும் ஒரு காரணமாயின.

ஆனால் அச்சைக்கிளுக்கும் ஒரு விலங்கு பூட்டப்பட்டிருந்தது. எதிரே துரை வந்தாலும், தோட்டத்து உத்தியோகஸ்தர் வந்தாலும், தொழிலாளி வண்டியைவிட்டு இறங்கி நிற்றல் வேண்டும். வண்டி அவனுடையது, சாலையில் உட்கார்ந்து செல்லும் மரியாதை மட்டும் அவனுடையதன்று.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. ஆர். எச். நாதன் முதலியோர் நடத்திய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அதற்குத் துணை நின்றது. கூலி உயர்வு, சீனத் தொழிலாளர்க்கு ஒப்பான ஊதியம், தக்க மருத்துவ வசதி, பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமை ஒழிதல், கள்ளுக்கடைகளை மூடுதல், பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை ஆகியவை கோரிக்கைகளாயின. அந்தப் பட்டியலில் மற்றுமொன்றும் இருந்தது: ஐரோப்பியர் முன்னும் உத்தியோகஸ்தர் முன்னும் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் நீங்கவேண்டும் என்பதே அது.

இதனைச் சிலர் அற்பமாகக் கருதலாம். வயிற்றுப் பசிக்கும் நோய்க்கும் இடையே சைக்கிளுக்கு என்ன இடம் என்று கேட்கலாம். கூலி மனிதனை வாழவைக்கும். மானமே அவனை மனிதனாக வைக்கும். இதனை எழுத்தறியாத தொழிலாளரும் அறிந்திருந்தனர் என்பதற்கு அந்த ஒரு கோரிக்கையே சான்றாகும். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார், தொழிலாளர் திரண்டெழுந்தனர், சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுப் படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். நாதன் இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டார்.

அவ்வாண்டு முடிவதற்குள் காலம் தன் தீர்ப்பைக் கூறிற்று. டிசம்பர் 8-ஆம் நாள் படையெடுப்பைத் தொடங்கிய ஜப்பானியப் படையினருட் பல்லாயிரவர் சைக்கிள் மிதித்தே தெற்கு நோக்கி வந்தனர். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. தொழிலாளியைச் சைக்கிளிலிருந்து இறக்கிய ஆட்சி, சைக்கிளில் வந்த படைமுன் ஓடிற்று. வந்தவர் நமக்கு விடுதலை தந்தாரல்லர். சயாம் இரயில் பாதையில் நம் மக்களை மடியச் செய்தவர் அவரே. ஆயினும், துரை வெல்லமுடியாதவன் என்ற எண்ணம் அன்றே ஒழிந்தது.

போர் ஓய்ந்தபின், பிற நாடுகளில் மற்றொரு மாறுதல் நிகழ்ந்தது. இத்தாலியில் பொந்தெதேரா என்னுமிடத்தில் விமானங்கள் செய்துவந்த பியாஜியோ தொழிற்சாலை குண்டுவீச்சாற் சிதைந்து கிடந்தது. விமானம் செய்வதற்கில்லை; மக்களுக்கோ மலிவான வண்டி தேவை. கொராதீனோ தஸ்கானியோ என்னும் விமானப் பொறியியலாளர் 1946-ஆம் ஆண்டில் வெஸ்பாவை அமைத்துக் கொடுத்தார். அவர் மோட்டார் சைக்கிளை விரும்பாதவர். அதன் சங்கிலியும் எண்ணெய்க் கறையும், காலைத் தூக்கி ஏறும் தொல்லையும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆகவே சங்கிலியை நீக்கினார், இயந்திரத்தை மூடினார், காலூன்ற முன்னே தட்டையான இடம் வைத்தார். பாவாடை உடுத்திய பெண்ணும் அழுக்குப் படாமல் ஏறிச் செல்லலாயிற்று. மறு ஆண்டில் மிலான் நகரிலிருந்து லம்பிரெட்டா வந்தது.

வெஸ்பாவிற்கு ஒரு குறை இருந்தது. அதன் சக்கரங்கள் மிகச் சிறியன; முதல் வண்டியின் சக்கரம் 8 அங்குல அளவினதே. நகரத்துச் சாலைக்கு அது போதும். குழிவிழுந்த செம்மண் பாதைக்குப் போதாது. பெரிய சக்கரம் குழியை எளிதிற் கடக்கும். சிறிய சக்கரம் குழிக்குள் விழும். இந்தச் சிறிய உண்மையே, பின்னர் எழுபது ஆண்டு கழித்து அட்வெஞ்சர் ஸ்கூட்டர் தோன்றுவதற்கு வித்தாயிற்று.

நம் தோட்டத்து மண்பாதைக்கேற்ற வண்டியை ஜப்பான் முதலில் தந்தது. 1958-இல் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்னும் வண்டியை வெளியிட்டது. 17 அங்குலச் சக்கரம். கையால் இயக்கும் கிளட்ச் இல்லை. சீனாவிலிருந்து சிறுவனாகப் பினாங்கிற்கு வந்து, பேருந்து கழுவிப் பிழைத்து, பழுது பார்க்கும் தொழில் கற்று உயர்ந்த லோ பூன் சியூ என்பவர் அவ்வண்டிகளை மலாயாவிற்குக் கொணர்ந்தார். ‘கப்’ என்னும் பெயரே மக்கள் நாவில் ‘கப்சாய்’ ஆயிற்று. உலகெங்கும் செய்யப்பட்ட அவ்வண்டிகளின் தொகை 2017-இல் 10 கோடியை எட்டியது. அக்காலத்தே தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. வேலை இழந்து பட்டணம் நோக்கி வந்த தமிழர் பலர்க்குத் தொழிற்சாலை வாயிலைத் திறந்துவிட்ட சாவி இக்கப்சாயே. பேருந்து வராத இடத்தில் வீடும், பேருந்து இல்லாத நேரத்தில் வேலையும் உடையவனுக்கு அஃது ஆடம்பரமன்று, சோறு.

வண்டிகள் பெருகப் பெருகச் சாவும் பெருகிற்று. 1973-இல் தலைக்கவசம் சட்டமாயிற்று. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில், 1970-களின் முற்பகுதியில், மோட்டார் சைக்கிள்களுக்கென்றே தனிப்பாதை அமைக்கப்பட்டது. உலகிலேயே இவ்வகையில் முதற்பாதை இதுவென்று போக்குவரத்து அறிஞர் குறிப்பிடுகின்றனர். இப்பாதையால் மோட்டார் சைக்கிள் விபத்துகள் மூன்றிலொரு பங்குக்கு மேற் குறைந்தன என்பது, சாலாக் செலாத்தானுக்குத் தெற்கே செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ராடின் உமார் குழுவினர் கண்ட முடிபு. 1992-இல் பகலிலும் முன்விளக்கு எரியவேண்டும் என விதி வந்தது. பிறர் கண்ணிற் படாமையால் நேரும் விபத்துகள் அதனாற் குறைந்ததையும் அவர்களே ஆராய்ந்து காட்டினர். சைக்கிளைவிட்டு இறங்கச் சொன்ன அதே கிள்ளான் வட்டாரத்தில், இருசக்கரத் தொழிலாளிக்கென்று தனிச்சாலையே அமைந்தது எத்துணைப் பெரிய மாற்றம்!

இனி அட்வெஞ்சர் ஸ்கூட்டருக்கு வருவோம். ஸ்கூட்டரின் எளிமையையும், கரடுமுரடான வழி செல்லும் மோட்டார் சைக்கிளின் சக்கரத்தையும் ஒன்றாக்கும் எண்ணமே இது. 745 கன சென்டிமீட்டர் அளவுள்ள எக்ஸ்-ஏ.டி.வி. என்னும் வண்டியை ஹோண்டா 2016-இல் மிலான் கண்காட்சியில் வைத்தது. அது பெருஞ்செல்வர்க்குரிய வண்டி. 2019-இல் இந்தோனேசியாவில் ஏ.டி.வி. 150 வந்தது. இரண்டிற்கும் நடுத்தரமாக, 330 கன சென்டிமீட்டர் அளவுடைய ஏ.டி.வி. 350 என்பது 2021 இறுதியில் வெளிப்பட்டது. முன்சக்கரம் 15 அங்குலம், பின்சக்கரம் 14 அங்குலம். இருக்கையின் கீழ் இரு தலைக்கவசம் வைக்க இடம். சக்கரம் சறுக்காமற் காக்கும் பிரேக்கு. பிற நிறுவனங்களும் இவ்வகை வண்டிகளைச் செய்கின்றன.

இவ்வண்டியை வாங்க விழைவோர் மூன்றினை எண்ணுதல் வேண்டும். முதலாவது, உரிமம். பெரும்பாலோர் வைத்திருக்கும் பி2 உரிமம் 250 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத வண்டிக்கே செல்லும், 330-க்குச் செல்லாது. இரண்டாவது, எடை. கப்சாய் ஏறக்குறைய 100 கிலோ, ஏ.டி.வி. 350 ஏறக்குறைய 186 கிலோ. நின்ற இடத்திற் சாய்ந்தாலும் தாங்கிப் பிடிக்கக் கால் வலிமை வேண்டும். மூன்றாவது, தவணை. மாதச் சம்பளத்திற் பெரும்பகுதியைத் தவணைக்குக் கொடுத்துவிட்டு, டயர் மாற்றப் பணமின்றித் தேய்ந்த டயரில் ஓடுவது வண்டியை ஆள்வதாகாது, வண்டிக்கு ஆட்படுவதாகும்.

வாங்கியபின் வண்டியை மேம்படுத்தும் ஆசை பிறக்கின்றது. அவ்வாசை தவறன்று, அதற்கு ஒரு வரிசை வேண்டும். முதலில் மழைச்சாலையைப் பற்றிக்கொள்ளும் நல்ல டயர். அடுத்துப் பிரேக்குக் கட்டைகள். அதன்பின், ஏறிச் செல்வோர் எடைக்கேற்பப் பின் அதிர்வுதாங்கியைத் திருத்தல். கியருக்கு ஈடாக உழைக்கும் பட்டைவாரையும் உருளைகளையும் கையேட்டில் குறித்த கிலோமீட்டரில் மாற்றுதல். இவை கண்ணுக்குத் தெரியாத மேம்பாடுகள்; உயிரைக் காப்பன இவையே. பலரோ காதைப் பிளக்கும் புகைக்குழாயையும், எதிரே வருவோர் கண்ணைக் குருடாக்கும் விளக்கையும் முதலில் வாங்குகின்றனர். பின்பெட்டியில் அளவிறந்த சுமையேற்றினால் முன்சக்கரத்தின் பாரம் குறைந்து கைப்பிடி ஆடும். பக்கப் பெட்டிகள் பூட்டிய வண்டி, குறுகிய தனிப்பாதையிற் பிறர் வழியையும் அடைத்துவிடும். புதுவண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதற்குக் காட்டும் கவலையில் ஒரு பங்கினை அச்சக்கரத்தின் காற்றளவைப் பார்ப்பதில் நாள்தோறும் காட்டினால், எத்தனையோ தாய்மார் கண்ணீர் குறையும்.

வண்டியை ஓட்டுபவனுக்கும் மேம்பாடு வேண்டும். வேகம் இருமடங்கானால் பிரேக்குப் பிடித்தபின் வண்டி நிற்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகின்றது; எந்த விலையுயர்ந்த வண்டியும் இக்கணக்கினைப் பொய்யாக்காது. காட்டுவண்டியின் தோற்றம் கண்டு சேற்றுவழியில் இறங்குதலும் அறியாமையே. நல்ல சாலையையும் மோசமான சாலையையும் தாங்கவே அது பிறந்தது. மழை பெய்யும்போது மேம்பாலத்தின்கீழ் பாதையிலேயே கூட்டமாய் நிற்கும் பழக்கமும் ஒழியவேண்டும். விரைந்து வருபவன் கண்ணுக்கு இருளில் நிற்பவன் புலப்படான்.

இவற்றை ஏன் இத்துணை விரித்தோம்? மலேசியச் சாலைகளில் மடிவோர் 10 பேரில் 6 பேருக்கு மேற்பட்டோர் இருசக்கர வண்டியிற் சென்றவர்கள். அவருட் பலர் இளைஞர். ஒரு குடும்பத்தின் ஊன்றுகோலாய் இருந்தவர்கள். சாலாக் செலாத்தானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும், வாயிலில் வண்டிச் சத்தம் கேட்கும்வரை உறங்காத தாய் எந்தத் தெருவில் இல்லை?

எனவே முதியோர்க்கு நாம் சொல்வது: நல்ல வண்டி மேல் ஆசைப்படுவது குற்றமன்று. அடுத்த தோட்டத்துக்குச் செல்லச் சைக்கிள் வாங்கிய பாட்டனின் அதே ஆசையே, கோலாலம்பூரைத் தாண்டி ஊர்களைக் காணப் பேரனை இட்டுச் செல்கின்றது. இளைஞர்க்கு நாம் சொல்வது: அன்று பாட்டனை வண்டியிலிருந்து இறக்கியவன் துரை. இன்று உங்களை இறக்கக் காத்திருப்பவை மூன்று: கடன், வீம்பு, வேகம். அன்றைய துரையை எதிர்க்க வேலைநிறுத்தம் வேண்டியிருந்தது. இன்றைய மூன்றினையும் வெல்ல ஒருவன் தன்னைத் தானே அடக்கினாற் போதும்.

தோழர்களே! கிள்ளானில் 1941-இல் அவர்கள் கேட்டது, எவன் முன்னும் இறங்காமற் செல்லும் உரிமை. அதனை வாங்கித் தந்தவர்க்கு நாம் செலுத்தும் நன்றி ஒன்றே: ஏறிச் செல்லுங்கள்; எங்கும் சென்று உலகைப் பாருங்கள்; பார்த்துவிட்டு உங்கள் வீட்டு வாயிலில் வந்து, உங்கள் விருப்பப்படி நீங்களே இறங்குங்கள்.