ஓட்டுச் சில்லும் காந்தத் தட்டும்



வரலாறு என்றவுடன் நம் நினைவிற்கு வருவன கல்வெட்டும் செப்பேடும், கோட்டையும் கோயிலுமே. அரசன் வென்ற போர்களை எழுதி வைத்தனர். அவன் நாட்டுச் சிறுவர்கள் மாலைப் பொழுதில் என்ன விளையாடினர் என்பதை எழுதி வைத்தவர் அரியர். ஆயினும் மண் அதனை ஒருவாறு காத்து வைத்திருக்கிறது. வைகைக்கரைக் கீழடியில் 2014-15-இல் தொடங்கிய அகழாய்வுகளில் சுடுமண் ஆட்டக்காய்களும், பகடைகளும், உடைந்த பானையோட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகளும் கிடைத்துள்ளன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு சிறுமியின் கையில் இருந்த சில்லு, இன்று நம் கைக்கு வந்திருக்கிறது.

இதில் எங்கள் ஊரார்க்கு வியப்பில்லை. விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். சூளையைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். நீரில் ஊறினால் கரைந்துபோகும் களிமண், ஏறத்தாழ 600 பாகை செல்சியசு வெப்பத்தைக் கடந்துவிட்டால் பிறகு கரைவதில்லை. உடையலாம், அழிவதில்லை. பானை உடைந்தால் ஓடு; ஓட்டைத் தேய்த்தால் சில்லு; அவ்வளவே.

ஆனால் அச்சில்லு நமக்குச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அதனை வைத்து எந்த விதிப்படி ஆடினார்கள் என்பதே அது. ஆட்டம் என்பது காய் மட்டும் அன்று. காயும் விதியும் சேர்ந்ததே ஆட்டம். தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றின் கற்றளத்தில் ஆடுபுலி ஆட்டக் கோடுகள் கீறப்பட்டிருப்பதைக் காணலாம். கல் கோட்டைத்தான் காத்தது. புலி மூன்று, ஆடு பதினைந்து என்பதையும், புலி தாவி வெட்டும், ஆடுகள் அதனை நகரவொட்டாமல் அடைக்கும் என்பதையும் காத்தவை மனித வாய்களே.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய ஒருவகைக் கணிப்பொறி ஆட்டத்தின் வரலாறு, இவ்வுண்மையைத் தெளிவாக விளக்குகிறது. உங்கள் பெற்றோருள் சிலர் சிறுவயதில் அதனை ஆடியிருக்கக்கூடும். திரையில் ஒரு காட்சி தோன்றும்: பூட்டிய கதவு, ஒரு மேசை, மேசைமேல் விளக்கு. ஆடுபவர் சுட்டெலியால் பொருளைச் சுட்டி எடுப்பார், ஒன்றை மற்றொன்றோடு சேர்த்துப் பார்ப்பார், எதிர்ப்படுவோரிடம் வினவுவார். விரைந்த கைக்கு அங்கு வேலையில்லை. பொறுமையான சிந்தனைக்கே வேலை. பாட்டி போட்ட விடுகதையை ஒரு வீடாகக் கட்டி, அதற்குள் நம்மை உலாவ விட்டாற்போன்றது அது.

இதன் தொடக்கம் படமின்றியே அமைந்தது. அமெரிக்கரான வில் குரௌதர் குகைகளுக்குள் புகுந்து ஆராய்வதில் விருப்பமுடையவர். கெண்டக்கி மாநிலத்து மாமத் குகையை மனத்திற்கொண்டு, தம் புதல்வியர் ஆடுவதற்காக, 1976-ஆம் ஆண்டளவில் 'அட்வென்ச்சர்' என்னும் ஆட்டத்தை அவர் எழுதினார். அடுத்த ஆண்டு டான் வுட்ஸ் அதனை விரிவாக்கினார். ஓரிரு சொற்களைத் தட்டெழுதியே அக்குகைக்குள் நடக்க வேண்டும். 1980-இல் ராபர்ட்டா வில்லியம்சும் அவர் கணவர் கென்னும் 'மிஸ்டரி ஹவுஸ்' வாயிலாகப் படத்தைச் சேர்த்தனர். 1987-இல் ரான் கில்பர்ட்டும் கேரி வின்னிக்கும் அமைத்த 'மேனியாக் மேன்ஷன்', திற, எடு, தள்ளு, கொடு என்னும் வினைச்சொற்களைத் திரையிலேயே அடுக்கி வைத்தது. தட்டெழுத வேண்டியதில்லை, சுட்டினால் போதும்.

1990-இல் கில்பர்ட் குழுவினர் அளித்த 'மங்கி ஐலண்ட்' என்னும் கடற்கொள்ளையர் கதையில் ஓர் இனிய புதுமை உண்டு. அங்கு வாட்போரில் வெல்வது வாளினால் அன்று, வாயினால். எதிரி ஏசும் ஏசலுக்குப் பொருத்தமான மறுமொழி சொல்பவனே வெல்வான். நம் நாட்டுப்புற எசப்பாட்டை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. 1993-இல் ராண்ட், ராபின் மில்லர் சகோதரர்கள் படைத்த 'மிஸ்ட்' 60 இலட்சத்துக்கு மேற்பட்ட படிகள் விற்றது. ஆயினும் அப்பத்தாண்டின் இறுதிக்குள் ஓட்டமும் சுடுதலும் மிக்க ஆட்டங்கள் சந்தையைக் கைக்கொள்ள, இவ்வகை ஆட்டம் பின்தள்ளப்பட்டது.

என்னிடம் பயின்ற ஒருவர், இன்று நாற்பதைக் கடந்தவர், சில ஆண்டுகளுக்கு முன் என்னைக் காண வந்திருந்தார். இளமையில் உறவினர் வீட்டுக் கணிப்பொறியில் அவர் ஆடிய ஆட்டத்தின் காந்தத் தட்டு, கருநிற உறையோடு அவர் கையில் இருந்தது. அதனைப் படிக்கும் பொறியைத் தேடிக் கண்டுபிடித்தும் பயனில்லை. தட்டில் எழுத்து அழிந்துவிட்டது. அவர் சொன்னார்: "ஐயா, விடைகளெல்லாம் மறந்து போயின. எந்த இடத்தில் மூன்று நாள் திகைத்து நின்றேன் என்பது மட்டும் மறக்கவில்லை." நான் ஆசிரியனாக இருந்த காலமெல்லாம் மாணவர்க்கு ஊட்ட விரும்பியது அந்தத் திகைப்பைத்தான். விடையைப் பெறுவது எளிது. வினாவோடு மூன்று நாள் வாழ்வதே கல்வி.

எண்ணிப் பாருங்கள். ஓட்டுச் சில்லு ஈராயிரம் ஆண்டு இருந்தது. காந்தத் தட்டு முப்பதாண்டு இருக்கவில்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த வீடியோ ஆட்டங்களுள் 100-க்கு 87 அப்பொழுது விலைக்குக் கிடைக்கவில்லை என்று, வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் என்னும் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. சில்லைக் காத்தது மண். இவற்றைக் காக்க மண்ணால் இயலாது. மனிதர்தாம் காக்க வேண்டும்.

அவ்வாறு காத்தவரும் உண்டு. 2001-இல் ஆர்வலர் சிலர் 'ஸ்கம்விஎம்' என்னும் செயல்நிரலை எழுதத் தொடங்கினர். பழைய ஆட்டத்தின் கட்டளைகளைப் படித்துப் புதிய பொறிக்கு எடுத்துரைக்கும் துபாஷி அது. அதனை எவரும் விலையின்றிப் பெறலாம். என் மாணவர் தம் ஆட்டத்தின் வேறொரு படியை விலைக்கு வாங்கி, அத்துபாஷியின் உதவியால் கைப்பேசியிலேயே மீண்டும் ஆடினார்.

காப்பதோடு மரபு நின்றுவிடவும் இல்லை. தொரொண்டோ நகரத்து விசை கேம்ஸ் என்னும் நிறுவனம் 2023-இல் 'வெண்பா' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை அது. தாய் தந்த சமையற்குறிப்பேடு கிழிந்து மங்கிக் கிடக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்தே சமைக்க வேண்டும். இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்குவது என்பதும் அதில் ஒரு புதிர். பாத்திரம் இருக்கிறது, முறை மங்கிவிட்டது. கீழடிச் சில்லு எழுப்பும் வினாவும் இதுவே அன்றோ?

ஆதலின், இளைஞர்களே, உங்களுக்கு ஒரு பணி சொல்வேன். உங்கள் பாட்டனாரும் பாட்டியாரும் ஆடிய ஆட்டம் ஒன்றைக் கேட்டு, அதன் விதிகளை ஒரு தாளில் முறையாக எழுதுங்கள். உங்கள் பெற்றோர் ஆடிய கணிப்பொறி ஆட்டம் ஒன்றையும் தேடி எடுத்து ஆடிப் பாருங்கள். வழி தெரியாது திகைக்கும்போது, விடையை உடனே பிறரிடம் தேடாமல் ஓரிரவு பொறுங்கள். எழுதிய தாளைப் பத்திரப்படுத்துங்கள். எழுதியபடி ஆடியும் காட்டுங்கள். ஆடுவார் உள்ளவரைதான் ஆட்டம் உயிரோடிருக்கும்.