வறட்சி நிவாரணமும் கடன்காரர் உரிமையும்: அமெரிக்கக் கால்நடைப் பண்ணைகள், 1887 – 1934

இயற்கைப் பேரிடரால் நலிவுற்ற உழவருக்கு அரசு பணம் வழங்குதல் இன்று இயல்பான கடமையாகக் கருதப்படுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இக்கடமை எளிதில் ஏற்கப்பட்டதன்று. ஏற்கப்பட்ட பின்னரும், அப்பணம் எவர் கையைச் சென்றடைய வேண்டும் என்னும் வினா எஞ்சி நின்றது. அவ்வினாவுக்கு 1934ஆம் ஆண்டில் கிடைத்த விடையை இக்கட்டுரை ஆராய்கின்றது.

1880களின் நடுப்பகுதியில் டெக்சஸ் மாநிலம் கடும் வறட்சிக்கு உள்ளாயிற்று. அங்குள்ள உழவருக்கு விதை வழங்க 10,000 டாலர் ஒதுக்கும் சட்ட முன்வரைவைக் காங்கிரஸ் நிறைவேற்றியது. அதிபர் குரோவர் கிளீவ்லாந்து 1887 பிப்ரவரி 16இல் அதற்கு ஒப்புதல் மறுத்தார். தனிமனிதர் துயர் தீர்க்கப் பொதுப் பணத்தைச் செலவிட அரசியலமைப்பில் இடமில்லை என்பதும், அத்தகைய உதவி மக்களின் தன்னுறுதியையும் ஈகை உணர்வையும் தளர்த்தும் என்பதும் அவர் கூறிய காரணங்கள். அதே ஆண்டில் டெக்சஸ் சட்டமன்றம் 1,00,000 டாலரை ஒதுக்கியது. உதவி தேவையா என்பதன்று, அது கூட்டரசின் பொறுப்பா என்பதே அன்றைய வழக்காக இருந்தது.

1934ஆம் ஆண்டு வறட்சி இந்நிலையை மாற்றியது. தீவனமும் நீருமின்றி மாடுகள் மடிந்தன, விலை வீழ்ந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் காங்கிரஸ் வறட்சி நிவாரணத்திற்கென 52.5 கோடி டாலரை ஒதுக்கியது. கூட்டரசு ஏறத்தாழ 83 இலட்சம் மாடுகளை விலைக்கு வாங்கியது. உண்ணத் தகாதவை அழிக்கப்பட்டன. ஏனையவற்றின் இறைச்சி வேலையற்ற குடும்பங்களுக்கு வழங்கப்பட்டது.

இத்திட்டத்தின் தனிச்சிறப்பு விலை வகுக்கப்பட்ட முறையிலேயே உள்ளது. மாடுகளுள் பெரும்பகுதி வங்கிகளிடம் அடமானமாக இருந்தது. பணம் முழுவதும் கடன்காரரைச் சேர்ந்திருப்பின், நிவாரணம் வங்கிக்குக் கிடைத்ததேயன்றிப் பண்ணையாளருக்குக் கிடைத்ததாகாது. ஆகவே, வழங்கப்படும் தொகை இரு கூறாக்கப்பட்டது. கொள்முதல் தொகையில் கடன்காரருக்கு உரிமை இருந்தது. நலத்தொகை எனத்தக்க மற்றொரு கூறு பண்ணையாளருக்கே உரியது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட மாடு ஒன்றுக்கு அது 6 டாலர். கன்றுக்கு 3 டாலர். இதற்கு ஈடாக, எதிர்கால உற்பத்திக் கட்டுப்பாட்டுத் திட்டங்களுக்குப் பண்ணையாளர் உடன்பட வேண்டியிருந்தது. இதனால் உதவி, ஈகை என்னும் நிலையிலிருந்து ஒப்பந்தம் என்னும் நிலைக்கு மாறியது எனலாம்.

எனினும், இவ்வொப்பந்தம் மாட்டுக்கு உரியவரோடு மட்டுமே செய்யப்பட்டது. மந்தை குறைந்ததால் வேலையிழந்த கூலியாளர் இதில் இடம்பெறவில்லை. அவர் பொது நிவாரணத்தையே நாட வேண்டியிருந்தது. 2008ஆம் ஆண்டு வேளாண் சட்டம் கால்நடை இழப்பீட்டுத் திட்டத்தை வகுத்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நிலையானதாக்கியது. மடிந்த கால்நடையின் சந்தை மதிப்பின் அடிப்படையில் அதன்வழி இழப்பீடு வழங்கப்படுகின்றது. ஒப்பந்த முறையில் வளர்ப்போரும் அதில் சேர்க்கப்பட்டுள்ளனர், கூலியாளர் சேர்க்கப்படவில்லை.

இழப்பு என்பதை உடைமையின் இழப்பாக மட்டும் அளக்கும் மரபு இவ்வாறு தொடர்கின்றது. கடன்காரரிடமிருந்து பண்ணையாளரைப் பிரித்துக் காண 1934ஆம் ஆண்டுத் திட்டத்தால் இயன்றது. பண்ணையிலிருந்து அதன் உழைப்பாளரைப் பிரித்துக் காண அதனால் இயலவில்லை. நிவாரண வரலாற்றை எழுதுவோர் ஒதுக்கீட்டுத் தொகையோடு நின்றுவிடாமல், பெறுவோர் பட்டியலையும் ஆராய வேண்டியதன் தேவையை இது உணர்த்துகின்றது.