பெருவழி, தாவளம், இருமுடி: சபரிமலை நடைப்பயணத்தின் சொல்வழி வரலாறு

கார்த்திகை பிறந்ததும் பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வழியாகக் கேரளத்துக்குள் நுழையும் வேன்களில் மாலையணிந்தவர்களைக் காணலாம். தை மாதத்தில் அதே சாலையில் பாலக்காட்டுப் பக்தர்கள் எதிர்த்திசையில் பழனி நோக்கிச் செல்வர். அவர்களுள் ஒரு பகுதியினர் இன்றும் நடந்தே செல்கின்றனர். சபரிமலைக்குச் செல்வோருள் பெரும்பாலோரோ பம்பை வரை வண்டியில் சென்று, எஞ்சிய ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவை மட்டுமே நடக்கின்றனர். ஆயினும் அவர்கள் தலையில் ஏற்றும் இருமுடி, வண்டியில் செல்பவனுக்காக உருவான பொருள் அன்று.

இருமுடியின் முன்முடியில் நெய்த் தேங்காய், கற்பூரம், மஞ்சள், அவல், பொரி முதலிய வழிபாட்டுப் பொருள்கள் இருக்கும். பின்முடி நடப்பவனுடைய வழியுணவுக்கு உரியது. அரிசியும் பருப்பும் வெல்லமும் அதில் இடம்பெற்றன. நாள் செல்லச் செல்லப் பின்முடி இளைக்கும், முன்முடி தொடப்படுவதில்லை. எடை தலையின் முன்னும் பின்னுமாகப் பகிர்ந்து நிற்பதால் அதைப் பிடிக்க ஒரு கை போதும். மறு கை ஊன்றுகோலுக்கு. தமிழகத்து நெடும்பயணிகள் அறிந்த கட்டுச்சோற்று மூட்டைதான் இங்குச் சடங்கின் வடிவம் பெற்றிருக்கிறது. பம்பைக் கரையில் எஞ்சிய அரிசியைப் பொங்கிக் கூடியுண்ணும் ‘பம்பா சத்தி’ என்னும் வழக்கமும் இந்தப் பின்னணியிலேயே விளங்கும். செங்குத்தான ஏற்றத்துக்கு முன் சுமையைக் குறைத்துக்கொள்வது நடப்பவனுக்குத் தேவையான செயல்.

தமிழர் ‘பெரியபாதை’ என்று வழங்கும் எருமேலி வழி 40 கி.மீ.க்கும் மேற்பட்டது. எருமேலி, காளைகட்டி, அழுதையாறு, அழுதைமேடு, கல்லிடும்குன்று, இஞ்சிப்பாறைக்கோட்டை, முக்குழி, கரிமலை, வலியானவட்டம், சிறியானவட்டம், பம்பை என அதன் நிறுத்தங்களைக் குருசாமிகள் வரிசை பிறழாமல் சொல்வர். இப்பெயர்களுள் பல, நடப்பவனுக்கான குறிப்புகளாகவே அமைந்துள்ளன. ஆறு எங்கே, மேடு எங்கே, யானை நடமாட்டம் எங்கே என்பது பெயரிலேயே இருக்கிறது. அழுதையாற்றில் எடுத்த கல்லைக் கல்லிடும்குன்றில் இடுவது சடங்கு. முன்சென்ற குழுக்கள் இவ்வழியே சென்றன என்பதற்கு அக்கற்குவியலே சான்று. வழிகாட்டிப் பலகை இல்லாத காட்டில் அது சிறிய செய்தி அன்று.

மலையாளத்தில் இவ்வழிக்குப் ‘பெருவழி’ என்ற பெயரும், வழியில் தங்குமிடத்துக்கு ‘இடத்தாவளம்’ என்ற பெயரும் உண்டு. இவ்விரு சொற்களும் கோயிலுக்கு வெளியே பிறந்தவை. கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில் உள்ள பாறைக் கல்வெட்டு, பாலக்காட்டுக் கணவாய் நோக்கிச் செல்லும் சாலையை ‘இராசகேசரிப் பெருவழி’ என்கிறது. முதலாம் ஆதித்த சோழன் காலத்ததாகக் கருதப்படும் அக்கல்வெட்டில் பெருவழி என்பது வணிகச் சாத்துகள் செல்லும் நெடுஞ்சாலை. தாவளம் என்பதற்கு இடைக்கால வணிகக் குழுக் கல்வெட்டுகளில் வணிகர் கூடும் சந்தையிடம் என்று ஆய்வாளர் பொருள் கொள்வர். சிங்களத்தில் ‘தவலம’ என்பது பொதிமாட்டு வரிசையையே குறிக்கிறது. ஆக, ஐயப்ப பக்தன் இரவு தங்கும் இடம் சொல்லளவில் பொதிமாடு அவிழ்க்கப்பட்ட இடம்.

இத்தகைய தொடர்புக்குப் பழனி இன்னும் தெளிவான சான்று. செட்டிநாட்டிலிருந்து பழனிக்கு உப்பு விற்கச் சென்ற நெற்குப்பைக் குமரப்பனிடமிருந்தே நகரத்தாரின் பழனிக் காவடி நடைப்பயணம் தொடங்கியதாக அவர்கள் மரபு கூறுகிறது. சபரிமலைக்கு அப்படியொரு தோற்றக்கதை இல்லை. எனினும், பந்தள அரச மரபினர் தம்மைப் பாண்டிய வழியினராகச் சொல்லிக்கொள்வதும், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி வழியே மலையேறும் பழைய போக்குவரத்தும் ஒரே திசையைக் காட்டுகின்றன. (இடுக்கிப் பக்கத்து வழியில் ‘உப்புப்பாறை’ என்ற இடம் இருப்பது ஆசை காட்டும் செய்திதான், ஓர் இடப்பெயரை மட்டும் கொண்டு உப்பு வணிகத்தை நிறுவ முனைவது நல்ல ஆய்வாகாது.)

விரதத்தையும் இந்த நோக்கில் காண இடமுண்டு. 41 நாள் செருப்பின்றி நடந்தவன் பாதம் தடித்திருக்கும். தரையில் படுத்தும் குளிர்நீரில் குளித்தும் பழகிய உடல் காட்டின் இரவைத் தாங்கும். ஆனால் இவ்விளக்கம் பாதியே. இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் ஈ. வேலன்டைன் டேனியல் தமிழகத்துக் கிராமத்தாருடன் இப்பாதையில் நடந்தவர். 1984-இல் வெளிவந்த அவரது நூலில் இந்நடைப்பயணம் பற்றிய பகுதியில் வலிக்கு முக்கிய இடம் உண்டு. கல் குத்திய இடம், கொப்புளம், தோள்வலி எனத் தனித்தனியாக இருந்த நோவுகள் ஒரு கட்டத்தில் வேறுபாடு இழந்து ஒன்றாவதை அவர் விவரிக்கிறார். விரதம் வலியைத் தவிர்க்கும் பயிற்சி மட்டுமே என்று சொன்னால், நடப்பவர்கள் தேடிச் செல்லும் அனுபவம் கைநழுவிப்போகும்.

1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரை அளந்த வார்டு, கானர் ஆகியோரின் அறிக்கையிலேயே இக்கோயில் இடம்பெறுகிறது. தமிழகத்திலிருந்து பெருந்திரள் வருவதோ மிகப் பிற்காலத்தது. 1950-இல் கோயில் தீக்கிரையானது. அடுத்த ஆண்டு புதிய திருமேனி நிறுவப்பட்டது. நவாப் ராஜமாணிக்கம் ஐயப்பன் கதையை நாடகமாக்கித் தமிழகமெங்கும் கொண்டுசென்றார். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாலை முதலில் சாலக்கயத்துக்கும் பின்னர்ப் பம்பைக்கும் வந்தது. பல நாள் நடை சில மணி நேரமாகச் சுருங்கியது. இருமுடி மாறவில்லை, தாவளங்கள் பொருளிழந்தன.

தாவளம் வெறும் ஓய்விடம் அன்று. கூட்டத்தைக் காலத்தில் பரப்பி வைக்கும் ஏற்பாடு. குழு பொழுது சாயுமுன் நிற்கும். ‘விரி’ வைக்கும், அதாவது படுக்கை விரிக்கும். விலங்குகளை விலக்க ‘ஆழி’ எனப்படும் தீ மூட்டும். விடிந்த பின்னரே நகரும். ஆகவே எல்லாரும் ஒரே பொழுதில் ஒரே இடத்தில் நெருங்குவது அரிது. 1999 ஜனவரி 14 அன்று பம்பையில் 50-க்கும் மேற்பட்டோர் நெரிசலில் இறந்தனர். 2011-இல் அதே நாளில் இடுக்கி மாவட்டத்துப் புல்மேட்டுப் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகியவற்றிலிருந்து வந்தவர்கள். மகரஜோதி கண்டதும் இருளில், குறுகிய வழியில், வண்டிகள் நின்ற இடத்தை நோக்கி அனைவரும் ஒரே நேரத்தில் திரும்பினர். காட்டுவழியில் இரவில் நகரக் கூடாது என்பது நடந்து சென்ற தலைமுறைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத பாடம். வாகனத்தில் வந்து வாகனத்தில் திரும்புபவருக்கு அதைச் சொல்லும் குருசாமியும் இல்லை, தங்கத் தாவளமும் இல்லை. அன்றைய பழியை இறந்தவர்கள் மேல் சுமத்துவது கொடுமை. கூட்டம் வருமென்று தெரிந்தும் அதற்குரிய ஏற்பாடு செய்யப்படவில்லை என்பதே உண்மை.

வண்டிப்பெரியாறிலிருந்து செல்லும் இவ்வழியில் நடை தொடங்கும் ஊரின் பெயர் சத்திரம். அங்கிருந்து உப்புப்பாறை, புல்மேடு வழியாகச் சன்னிதானம் ஏறத்தாழ 12 கி.மீ. வழி பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் செல்வதால், இப்போது வனத்துறையினர் பகலில் குறிப்பிட்ட நேரம் வரையே நடப்பவர்களை உள்ளே விடுகின்றனர். பிந்தி வருபவர்கள் சத்திரத்திலேயே இரவைக் கழித்துவிட்டு, மறுநாள் காலையில்தான் புல்மேட்டுக்கு ஏற முடியும்.