ருசி கண்ட பூனையும் மலிவுத் தீனியும்

பூனைக்கென்று காசு கொடுத்துத் தீனி வாங்கும் வழக்கம் பெருநகரங்களில்தான் வேரூன்றியது. அதன் முதன்மையான களம் 19-ஆம் நூற்றாண்டின் லண்டன். களஞ்சியத்திலும் கப்பலிலும் மாவு ஆலையிலும் வாழ்ந்த பூனை எலியைப் பிடித்துத் தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொண்டது. வீட்டார் ஊற்றிய கொஞ்சம் பாலும் எறிந்த மீன் தலையும் அதற்கு உபரி. நெருக்கமான வரிசை வீடுகளும் கடைகளும் எழுந்த நகரத்தில் பூனைகள் பெருகின. அவற்றை வளர்த்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் சாப்பாட்டிலேயே இறைச்சியை எண்ணி எண்ணிச் சேர்த்துக்கொண்ட உழைப்பாளிக் குடும்பத்தார். ஆகவே பூனைக்கு வாங்கும் உணவு மிக மலிவாக இருந்தாக வேண்டும். அந்த மலிவைக் கொடுத்தது குதிரை.

லண்டன் அன்று குதிரையால் ஓடிய நகரம். சரக்கு வண்டி, வாடகை வண்டி, பயணிகள் பஸ் என எல்லாவற்றையும் இழுத்தவை குதிரைகள். அவற்றின் வேலைக்காலம் குறுகியது. கால் ஒடிந்தவையும் மூச்சு வாங்கியவையும் நாள்தோறும் அறுப்புத் தொட்டிக்குப் போயின. ஆங்கிலேயர் குதிரைக்கறி தின்பதில்லை. தோல் பதனிடுபவருக்கும் எலும்பு உரத்துக்கும் கொழுப்பு எண்ணெய்க்கும் போக மிஞ்சிய சதை பெரிய செம்புக் கொப்பரைகளில் வேகவைக்கப்பட்டது. விடியலில் அதை மொத்த விலைக்கு வாங்கித் தள்ளுவண்டியிலோ கூடையிலோ ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகப் போனவர்கள்தான் பூனைக்கறிக்காரர்கள்.

இவர்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் சேர்த்து வைத்தது. லண்டனின் தெருத் தொழிலாளர்களை நேரில் விசாரித்து 1851-இல் அவர் வெளியிட்ட நூலில் பூனைக்கறி வியாபாரத்துக்குத் தனி இடம் உண்டு. வீட்டுக்கு ஒன்றென்று வைத்தால் நகரில் சுமார் 3,00,000 பூனைகள். அவற்றுக்குக் கறி சுமந்தவர்கள் குறைந்தது 1,000 பேர் என்பது அவர் தரும் கணக்கு. ஒரு பவுண்டு எடைக்கறி இரண்டரைப் பென்னி. ஆனால் பவுண்டுக் கணக்கில் வாங்கியவர் குறைவு. சிறு துண்டுகளை மரக்குச்சியில் குத்தி, கால் பென்னி, அரைப் பென்னி, ஒரு பென்னி என்று விற்றார்கள். கால் பென்னிதான் அன்று புழக்கத்தில் பரவலாக இருந்த மிகச் சிறிய காசு. ஏழை வீட்டுப் பூனைக்கும் தினம் ஒரு குச்சிக் கறி எட்டியதற்கு இந்தச் சில்லறைக் கணக்கே காரணம். கைவினைஞர், சிறுகடைக்காரர், கூலித் தொழிலாளர், லாயங்களில் குடியிருந்த வண்டிக்காரர் ஆகியோரே நல்ல வாடிக்கையாளர்கள் என்று வியாபாரிகள் மேஹ்யூவிடம் சொன்னார்கள். தனியாக வாழ்ந்த முதிய பெண்கள் நிறையப் பூனை வளர்த்தாலும் பேரம் பேசியே விலையை நசுக்கிவிடுவார்கள் என்பது அவர்களின் குறை. பூனைத் தீனியின் விலையைக் குறைக்கப் பாடுபட்டவர்களைப் பற்றி எழுத்தில் பதிவான பழைய புகார்களுள் இதுவும் ஒன்று. அந்தப் பெண்களின் வருமானம் எவ்வளவு சுருங்கியது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

பூனைகள் இந்தக் குதிரைக்கறிக்கு நன்றாகவே பழகின. வியாபாரியின் குரல் தெருமுனையில் கேட்டதும் வாசலுக்கு ஓடிவந்தன. தெரு, நேரம், குரல், மணம் எல்லாம் மாறாமல் நடந்த ஏற்பாடு அது. பூனையின் இயல்புக்கு அது எவ்வளவு பொருந்தியது என்பது ஒரு நூற்றாண்டு கழித்தே ஆய்வாளர்களுக்கு விளங்கியது.

1860-ஐ ஒட்டி, அமெரிக்காவிலிருந்து லண்டனுக்கு வந்த ஜேம்ஸ் ஸ்ப்ராட் நாய்களுக்கான பிஸ்கட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் பெயரில் வளர்ந்த நிறுவனம் பின்னர் பூனைத் தீனியும் விற்றது. வேகவைத்த குதிரைக்கறி உடம்புக்கு ஆகாது என்பது அதன் விளம்பரங்களின் வாதம். 1871-இல் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வியர் நடத்திய பூனைக் கண்காட்சிக்குப் பிறகு வசதியானவர் வீட்டில் பூனைக்கு மதிப்பு கூடியிருந்தது. அவர்கள் பாக்கெட்டில் வந்த தீனிக்கு மெல்லத் திரும்பினார்கள். பெரும்பான்மையோர் குச்சிக் கறியைக் கைவிடவில்லை. அந்தத் தொழிலைச் சாய்த்தது மோட்டார்தான். லண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் கம்பெனியின் கடைசிக் குதிரை பஸ் 1911-இல் நின்றது. குதிரை குறையக் குறையக் கறியும் குறைந்தது.

அமெரிக்காவில் குதிரைக்கறி டின்னுக்குள் புகுந்தது. இலினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில் சாப்பெல் சகோதரர்கள் 1922-இல் கென்-எல் ரேஷன் என்ற பெயரில் டின்னில் அடைத்த நாய் உணவை விற்கத் தொடங்கினார்கள். மேற்குப் புல்வெளிகளில் திரிந்த காட்டுக் குதிரைகள் இதற்காகப் பெருமளவில் பிடிக்கப்பட்டன. பூனைக்கான டின்களும் வந்தன. கலிஃபோர்னியக் கடற்கரையின் மீன் ஆலைகள், மனிதருக்கான டின்களில் சேராத மீன் பகுதிகளைப் பூனைக்கென்று அடைத்தன. எது மலிந்து மிஞ்சுகிறதோ அதற்குப் பூனையின் நாக்கைப் பழக்குவதே இந்தத் தொழிலின் வழி. குதிரையில் தொடங்கிய அது மீனுக்கு மாறி, பிறகு தானியத்தில் போய் நின்றது.

இரண்டாம் உலகப் போர் இந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது. பிரிட்டனில் அதன் தொடக்கம் மிகக் கொடியது: 1939 செப்டம்பரில், குண்டுவீச்சுக்கும் உணவுத் தட்டுப்பாட்டுக்கும் அஞ்சிய மக்கள், லண்டனில் மட்டும் சுமார் 4,00,000 நாய்களையும் பூனைகளையும் சில நாட்களில் கொல்லக் கொடுத்தார்கள். அப்போது ஒரு குண்டும் விழவில்லை, ரேஷனும் தொடங்கவில்லை. அந்தப் பதற்றம் தேவையற்றது என்பதில் பின்னால் எவருக்கும் ஐயமில்லை. 1940-இல் மனிதர் உண்ணத்தக்க உணவை வீணாக்குவது குற்றமாக்கப்பட்டது. உணவுக் கிடங்குகளில் எலி பிடித்த பூனைகளுக்கு மட்டும் பால் பொடி ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவில் 1942 முதல் தகரம் போருக்குப் போனதால் டின் உணவு அங்காடிகளிலிருந்து மறைந்தது. பையில் அடைத்த உலர் தீனி அந்த இடத்தைப் பிடித்தது. போர் முடிந்து டின்கள் திரும்பி வந்த பிறகும் உலர் தீனி போகவில்லை. அது மலிவு, கெடாது, காலையில் கொட்டிவிட்டு வேலைக்குப் போகலாம். 1947-இல் மிச்சிகனில் எட்வர்ட் லோ பூனை மலம் கழிக்கக் களிமண் குருணையை விற்கத் தொடங்கியதும், பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது எளிதாயிற்று. எலி பிடிக்கும் வாய்ப்பும் போனதால், கிண்ணத்தில் விழுவதே அதற்கு எல்லாமாயிற்று.

1950-களில் ரால்ஸ்டன் ப்யூரினா நிறுவனம், காலைச் சிற்றுண்டித் தானியங்களைப் பொரிக்கும் எந்திர முறையைச் செல்லப்பிராணித் தீனிக்குக் கொண்டுவந்தது. மாவையும் இறைச்சித் தூளையும் நீராவியில் பிசைந்து, அழுத்தத்தில் சிறு துளை வழியே தள்ளினால் அது உப்பிப் பொரியும். உப்புவதற்கு மாவுச்சத்து வேண்டும். மாவுச்சத்து இறைச்சியைவிட மலிவு. இதில் ஒரு தடை இருந்தது. பூனை முழு ஊனுண்ணி. அதற்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் மரபணுக்களில் ஒன்று பூனை இனத்தில் செயலிழந்து கிடப்பதை 2005-இல் ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு நிலையத்தினர் கண்டறிந்தார்கள். வெறும் தானியப் பொரியைப் பூனை தொடாது. எனவே பொரியின் மேல் கொழுப்பைத் தெளித்தார்கள். ஈரலையும் குடலையும் நொதியால் கரைத்த சாறு, பாஸ்பாரிக் அமிலம், பைரோபாஸ்பேட் உப்புகள் ஆகியவற்றைப் பூசினார்கள். பூனை விரும்புவது இந்த மேற்பூச்சைத்தான். ஒரு பிராண்டை விட்டு இன்னொன்றை அது முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போவதற்கும் பூச்சின் வேறுபாடு ஒரு காரணம்.

பூனையின் பிடிவாதமே விளம்பரமும் ஆயிற்று. சிகாகோ அருகே ஒரு விலங்குக் காப்பகத்திலிருந்து 1968-இல் எடுக்கப்பட்ட மாரிஸ் என்ற செம்பூனை, 9லைவ்ஸ் விளம்பரங்களில் எதையும் ஏற்காத பூனையாக நடித்துப் புகழ்பெற்றது. எந்தத் தீனியையும் மறுப்பவன் இதை மட்டும் தின்பான் என்பதுதான் அந்த விளம்பரத்தின் சாரம். வேண்டாம் என்று திரும்பும் பூனைக்காக அடுத்த டின்னைத் திறப்பது வளர்ப்பவரின் கடமை என்ற எண்ணம் இப்படிப் பரவியது. வெறும் பழக்கத்தைப் பூனையின் பிறவிக் குணமாகக் காட்டியதில் விளம்பரத்துறைக்குப் பெரிய பங்கு உண்டு.

உண்மையில் அது பெரும்பாலும் குட்டிப் பருவத்தில் படியும் பழக்கம். லாஸ் ஏஞ்சலிஸில் வாண்டா விர்விக்கா 1970-களில் நடத்திய சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. வாழைப்பழம் தின்னப் பழக்கப்பட்ட தாய்ப் பூனைகளின் குட்டிகள், பக்கத்தில் இறைச்சி உருண்டை இருந்தும் வாழைப்பழத்தைத் தின்றன. தாய் தின்பதைப் பார்த்தும் முகர்ந்தும் இது உணவு, இது அல்ல என்று குட்டி கற்றுக்கொள்கிறது. ஒரே பொரியை மட்டும் தின்று வளர்ந்த பூனை புதிய வடிவத்தையும் மணத்தையும் சந்தேகத்தோடு பார்க்கிறது. பலவற்றைத் தின்று வளர்ந்தது எளிதில் மாறுகிறது. சூடும் ஒரு காரணம்: அப்போதுதான் பிடித்த இரையின் உடல் வெப்பத்தில் உள்ள உணவே பூனைக்கு உகந்தது.

மலிவை நாடியதில் நேர்ந்த தவறுகளின் விலையைப் பூனைகளே கொடுத்தன. சூரை மீனின் சிவந்த சதையை மட்டும் தின்ற பூனைகளுக்கு உடற்கொழுப்பு மஞ்சளாகிக் கட்டிப்படும் நோய் வந்தது. வைட்டமின் ஈ போதாமைதான் காரணம் என்று 1950-களில் தெரிந்தது. இதைவிடப் பெரியது டாரின் என்ற சத்தின் கதை. பூனையின் உடல் இதைப் போதிய அளவு தயாரிக்காது. இறைச்சியிலிருந்தே பெற வேண்டும். டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை அழியும் என்று 1975-இல் வெளியான ஆய்வு சொன்னது. ஆனால் தீனியில் சேர்க்கப்பட்ட அளவு போதுமா என்ற கேள்வி அப்போது தீரவில்லை. 1987-இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியோனும் சக ஆய்வாளர்களும், இதயத்தசை தளர்ந்து இறந்துகொண்டிருந்த பூனைகளின் இரத்தத்தில் டாரின் மிகக் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். டாரின் கொடுத்ததும் பல பூனைகளின் இதயம் தேறியது. அதுவரை மீட்க முடியாதது என்று கருதப்பட்ட நோய் அது. அந்தப் பூனைகள் தின்றவற்றில் பெயர்பெற்ற, விலை கூடிய தீனிகளும் இருந்தன. பிறகு தரவரம்புகள் உயர்ந்தன. அமெரிக்காவில் இன்று உலர் தீனிக்கு 0.1 சதவீதம், டின் உணவுக்கு, நீரை நீக்கிக் கணக்கிட்ட எடையில், 0.2 சதவீதம். கால்நடை மருத்துவ வரலாற்றில் இதைப்போல ஒரே கண்டுபிடிப்பு இத்தனை உயிர்களைக் காத்தது அரிது.

விலையும் தரமும் ஒன்றல்ல என்பதை 2007 மார்ச் மாதம் எல்லோரும் கண்டார்கள். கனடாவின் மெனு ஃபுட்ஸ் நிறுவனம் சுமார் 6 கோடி டின்களையும் பைகளையும் திரும்பப் பெற்றது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் கலந்திருந்தது. புரதத்தை நைட்ரஜன் அளவால் கணிப்பதால், நைட்ரஜன் மிகுந்த மெலமினைச் சேர்த்துப் புரதம் கூடுதலாக இருப்பதுபோல் காட்டியிருந்தார்கள். பூனைகளின் சிறுநீரகத்தில் படிகங்கள் அடைத்தன. நிறுவனத்தின் சுவைச் சோதனையில் இருந்த பூனைகளே சில இறந்தன. ஒரே நிறுவனத்தின் ஆலைகளிலிருந்து ஏறத்தாழ 100 பெயர்களில் தீனி போயிருந்தது. சூப்பர்மார்க்கெட்டின் சொந்த லேபிளும் உயர்விலைப் பெயர்களும் அதில் அடக்கம்.

ஆகவே மலிவான தீனிக்கு மாறுவதில் தவறில்லை. பூனைக்கு வேண்டிய சத்துகள் யாவும் அடங்கிய முழு உணவு என்று லேபிள் சொல்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. கால்நடை மருத்துவர்கள் இன்று சொல்லும் முறை இது: பழைய தீனியில் புதியதைச் சிறிது கலந்து, 7 முதல் 10 நாட்களில் பங்கைக் கூட்ட வேண்டும், பிடிவாதக்காரப் பூனைக்கு இன்னும் சில வாரங்கள் ஆகலாம். டின் உணவை உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி வைத்தால் மணம் எழும். பசித்தால் தானே தின்னும் என்று பட்டினி போடுவது ஆபத்து. பருத்த பூனை சில நாட்கள் உண்ணாவிட்டால் உடற்கொழுப்பு ஈரலில் வந்து குவிந்து உயிருக்கே உலை வைக்கும். ஒரு முழு நாள் எதையும் தொடாத பூனைக்குப் பழைய தீனியைத் திரும்பக் கொடுக்க வேண்டும். அதையும் மறுத்தால் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.