மாணாக்கர் ஐயமும் மாறுவீதமும்

பௌதிகம், கணிதம், பொருளாதாரம் ஆகிய மூன்றையும் பயிலும் மாணாக்கர் எழுப்பும் வினாக்கள் வெவ்வேறு சாஸ்திரங்களுக்கு உரியனவாகத் தோன்றினும், அவற்றுட் பல ஒரே ஐயத்தினின்று கிளைத்தவை. அந்த மூலத்தை ஆராயாது விடையை மட்டும் வழங்கும் போதனை, அடுத்த வினாவின் முன் அவர்களை மீண்டும் நிராதரவாக நிறுத்திவிடும். இக்கூற்றை மூன்று வினாக்களைக் கொண்டு நிறுவ முயல்வோம்.

மேல்நோக்கி எறிந்த கல் உச்சியை அடையும் கணத்தில் அதன் திசைவேகம் பூச்சியமாக இருக்க, முடுக்கம் மட்டும் எவ்வாறு எஞ்சி நிற்கிறது என்பது பௌதிக மாணாக்கரின் வினா. விநாடிக்கு 19.6 மீட்டர் வேகத்துடன் எறியப்பட்ட கல், காற்றின் தடையைப் புறக்கணித்தால், முதல் விநாடியின் முடிவில் 9.8 மீட்டர் வேகத்துடன் ஏறுகிறது. இரண்டாம் விநாடியின் முடிவில் அதன் வேகம் பூச்சியம். மூன்றாம் விநாடியின் முடிவில் அதே 9.8 மீட்டர் வேகத்துடன் இறங்குகிறது. வேகம் பூச்சியமான அக்கணத்தில் முடுக்கமும் அற்று, அந்நிலையே நீடிக்குமாயின் கல் அந்தரத்திலேயே நின்றுவிடும்.

உச்சத்தில் முதல் வகைக்கெழு பூச்சியமாயின், பூச்சியத்தை மீண்டும் வகையிட இரண்டாம் வகைக்கெழுவும் பூச்சியமாக வேண்டாமா என்று கணித மாணாக்கர் கேட்கிறார். ஒரு புள்ளியில் சார்பு பெறும் மதிப்பையும் சார்பையும் ஒன்றெனக் கொண்டதே இம்மயக்கத்தின் காரணம். மேற்கூறிய கல்லின் வேகம் 19.6 − 9.8t என்னும் சார்பு; t = 2 என்னுமிடத்தில் அதன் மதிப்புப் பூச்சியமேயாயினும், அதன் வகைக்கெழு எங்கும் −9.8 ஆகும்.

பணவீக்கம் தணிந்தும் விலைவாசி இறங்காதது ஏன் என்பது பொருளாதார மாணாக்கரின் வினா. 100 ரூபாய்ப் பண்டம் 8 சதவீதம் ஏறி 108 ரூபாயாகி, மறு ஆண்டு 5 சதவீதமே ஏறினும் 113 ரூபாய் 40 காசாகிறது. பணவீக்கம் விகிதாசார வீதமாகையால் திசைவேகத்துடன் முற்றும் ஒப்பாகாது எனினும், வேகம் குன்றிய பின்னும் கல் உச்சிவரை உயர்ந்துகொண்டே இருப்பதும் விலை ஏறிக்கொண்டே இருப்பதும் தர்க்கத்தால் ஒன்றே.

ஆக, ஓர் அளவையும் அதன் மாறுவீதத்தையும், அவ்வீதத்தின் மாற்றத்தையும் பிரித்தறியாமையே மூன்று வினாக்களுக்கும் பொதுவான காரணம். இதனை மந்தபுத்தியின் அடையாளமெனக் கருதுதல் அநீதியாகும். விழும் பொருளின் வேகம் கடந்த தூரத்திற்கேற்ப வளர்வதாக 1604-இல் கருதிய கலிலியோவே, பின்னர் அது காலத்திற்கேற்ப வளர்வதெனத் தெளிந்து, 1638-இல் வெளியான தம் நூலில் அதனை ஸ்தாபித்தார்; அத்தகைய மேதைக்கும் நெடுங்கால சிந்தனையை வேண்டிய வேறுபாடு இளம் மாணாக்கர்க்கு ஒரு பாடவேளையில் விளங்காமற் போவது இயல்பே.

பரீட்சையின் நெருக்கடியில் இத்துணை விசாரணைக்கு அவகாசமில்லை என்பது ஆசிரியர் கூறும் ஆட்சேபம். அது பொருளற்றதன்று, ஆயினும், தனித்தனியே மும்முறை விடையளிப்பதைக் காட்டிலும் மூலத்தை ஒருமுறை விளக்குவது காலத்தை மிச்சப்படுத்துவதே. கணக்கைத் தீர்க்கும் முறைபற்றி 1945-இல் நூலெழுதிய ஜார்ஜ் போல்யா, தீர்வுக்குப் பின் திரும்பிப் பார்த்தலை நான்காம் படியாக வகுத்து, பெற்ற முறையைப் பிற கணக்கிற் பயன்படுத்த இயலுமா என வினவச் சொன்னார். அவ்வினாவைப் பிற பாடங்களுக்கும் விரித்தல் வேண்டும். கல்லைப் பற்றிய ஐயம் நீங்கிய மாணாக்கர், விலைவாசியைப் பற்றிய வினாவைத் தாமே அவிழ்க்க வல்லவராயின், அன்றே அவ்வையம் உண்மையில் தீர்ந்ததென்று ஆசிரியர் கொள்ளலாம்.